வீட்டோடு ஒரு நாயும் வரும்

எவிதாலியா வீட்டை விற்கப்போகிறாள் என்று எனக்கு முதலில் சொன்னது அவள் வளர்த்த கிளி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஒருநாள் காலையில் நான் அரெபா ரொட்டிக்குச் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் பாஸ்டோரா, அதுதான் கிளியின் பேர், யாமிலேயின் குரலில் கத்தியது. "வித்துடும்மா! வித்துடும்மா!"

யாமிலே எவிதாலியாவின் ஒரே மகள். தலைநகர் பொகோத்தாவில் இருக்கிறாள். அவள் பேசும்போது எவிதாலியா போனை மேசைமேல் வைத்துச் சத்தமாக விட்டுத்தான் கேட்பாள். பக்கத்துக் கூண்டிலிருந்த கிளி அதைப் பாடம் பண்ணிவிட்டது.

நான் மாவுக் கையோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன கொமாத்ரே, எதை விக்கச் சொல்றா என் ஞானப்பிள்ளை?"

"பூசை முடிஞ்சு வரும்போது சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் எவிதாலியா. "இந்தக் கிளிச் சிறுக்கிக்குப் பொறுக்கல. உள்ள வாங்க, காப்பி இருக்கு."

யாமிலேயை ஞானஸ்நானத்தில் கையில் தாங்கியவள் நான். அன்றிலிருந்து நானும் எவிதாலியாவும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொமாத்ரே என்றுதான் அழைப்போம். சண்டை போட்டாலும் 'நீங்க'தான். மனசுக்குள் மட்டும் அவள் எனக்கு அவள்தான்.

அவள் மோங்குவா மலையில் உருளைக்கிழங்குக் காட்டில் பிறந்தவள். சின்ன வயதிலேயே சோகமோசோவுக்கு வந்து வீட்டு வேலை செய்தாள், ஊரார் துணிகளைத் துவைத்தாள். சமவெளிக்கு இறங்கும் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய பெலார்மினோவைக் கட்டிக்கொண்டாள். இருவருமாகச் சேர்ந்து இந்த வீட்டை அறை அறையாக எழுப்பினார்கள். முதலில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. பிறகு அடுப்படி. அப்புறம் முற்றம், அதில் ஓர் அத்திமரம். மாடி கட்ட ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டது. இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருவேறிக்கொண்டு நிற்கும். துணி காயப்போட நல்ல வசதி என்பாள்.

சனிக்கிழமைகளில் இலையில் கட்டி அவித்த தமால் விற்பாள். அவளிடம் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பொய் அவள் வாயில் வராது. "இன்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மியாப் போச்சு, வேணும்னா அடுத்த வாரம் வாங்க" என்று அவளே சொல்வாள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார்கள். தமால் விற்க அந்தக் குணம் தடையாக இருந்ததில்லை. வீடு விற்கும்போதுதான் தடையானது.

பெலார்மினோ போன வருஷம் நெஞ்சு நோயில் இறந்தார். யாமிலே பிள்ளை உண்டாகியிருந்தாள். அவள் புருஷனுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை, வீட்டுக்கு வருவதே அபூர்வம். அம்மா வந்து கூட இருக்க வேண்டும் என்று யாமிலே கேட்டதில் தப்பில்லை. எவிதாலியாவும் மனமொத்துத்தான் சரி சொன்னாள். ஆனால் யாமிலே இருப்பது ஏழாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் மிருகங்களுக்கு இடமில்லை.

எவிதாலியா வீட்டில் மிருகங்கள் மூன்று. கிளியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பூனை கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால் அதற்குக் கன்னியாஸ்திரி என்று பேர். எதிர் ரொட்டிக்கடைக்காரிக்கு எலித் தொல்லை, அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். மிச்சம் இருந்தது கொரோனெல்.

கொரோனெல் நாய். குட்டியாக இருந்தபோது மலைப்பாதையில் மழையில் கிடந்ததைப் பெலார்மினோ தன் ருவானாப் போர்வைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நெஞ்சை நிமிர்த்தி மெதுவாக நடக்கும், ஓய்வு பெற்ற கர்னல் மாதிரி. இப்போது கிழடு தட்டி ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. பெலார்மினோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அன்று அது அந்தக் கதவைப் பிறாண்டியது. அவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அது அந்தக் கதவடியை விட்டு நகர்வதில்லை. முற்றத்துக்குப் போய்விட்டு வரும், மறுபடி அங்கேயே படுக்கும். என் வீட்டில் வைத்துப் பார்த்தோம். சோறு தொடவில்லை. கதவு திறந்ததும் நேரே தன் இடத்துக்குப் போய்விட்டது.

"யாரு வீட்டை வாங்குறாங்களோ அவங்க இவனை இங்கயே சாக விடணும்" என்றாள் எவிதாலியா. "அவ்வளவுதான் நான் கேக்குறது. அதுக்கு ஒத்துக்கறவங்களுக்குத்தான் சாவி."

"யாமிலேகிட்ட சொன்னீங்களா?"

"அவ கேக்கல. கேட்டா சொல்லுவேன்."

வீட்டை விற்றுத்தர வந்தவள் லெய்டி என்ற சின்னப் பெண். குதிகால் செருப்பு, கையில் எப்போதும் போன். நல்ல மனசு, ஆனால் வாய் ஓயாது. பெரியவர்களைத் தோன்யா, தோன் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். முதல் நாள் வாசற்படியில் நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"தோன்யா எவிதாலியா, வர்றவங்க இந்த வீட்டுல தங்களைத்தான் பாக்கணும். உங்களைப் பாக்கக் கூடாது."

"அப்ப நான் எங்க போறது?"

"அடுப்படியில நில்லுங்க. வாயத் தொறக்காதீங்க. அது போதும்."

அதன்பின் வேலை தொடங்கியது. நானும் கூடப் போனேன். நாய் முடி எங்கெல்லாம் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சோபாவின் மடிப்பில், திரைச்சீலை ஓரத்தில், சர்க்கரை டப்பா மூடிக்கு அடியில் கூட. கொரோனெலின் கம்பளியைத் துவைத்தோம், தண்ணீர் கறுப்பாக ஓடியது. பூனை கீறிய நாற்காலிக் கால்களுக்கு மெழுகு தேய்த்தோம். கிளிக்கூண்டின் கீழ்ச் சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தோம். யாராவது பார்க்க வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் முன்பே பட்டையும் கிராம்பும் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும், காப்பியும் இறக்கிவைக்க வேண்டும். நாய் வாசனை அடங்குவதற்கு.

"கிறிஸ்மஸ் வந்துட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

"கிறிஸ்மஸ்ல ஆளுங்க இருப்பாங்க" என்றாள் எவிதாலியா.

லெய்டி வீட்டிலிருந்த புனிதர்களின் சுரூபங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். வாங்க வருகிறவர்கள் வேறு சபைக்காரர்களாக இருக்கலாமாம். பெலார்மினோவின் படம், யாமிலே கோயிலில் முதல் நன்மை வாங்கிய படம் எல்லாம் பெட்டிக்குள் போயின. கடைசியாக வாசலுக்கு நேரே மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கை நீட்டினாள்.

"அது வேண்டாம்மா" என்றாள் எவிதாலியா.

"ஒரு மாசத்துக்குத்தான் தோன்யா."

இறக்கினார்கள். படம் இருந்த இடத்தில் சுவர் பழைய நிறத்தில் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. கண் அங்கேயேதான் போனது. லெய்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே ஸ்டூலில் ஏறி, படத்தைத் திரும்ப மாட்டினாள். "இவர் இருக்கட்டும். இல்லாததுதான் ரொம்பத் தெரியுது."

பெலார்மினோ அறைக் கதவில் நகக் கீறல்கள் ஆழமாக இருந்தன. லெய்டி நீலப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். எவிதாலியாவே அடித்தாள். காய்ந்த மறுநாளே கொரோனெல் அதன்மேல் இன்னொரு கீறல் போட்டது.

பார்க்க வருகிறவர்கள் வரும்போது நாயையும் கிளியையும் என் வீட்டுக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. கிளியை மறைத்தே ஆக வேண்டும். வாயாடி என்பதற்காக இல்லை. பாஸ்டோரா பெலார்மினோவைப் போலவே இருமும். அவருடைய கடைசி மாதங்களின் இருமல் அது. முதலில் இரண்டு சின்ன இருமல், பிறகு நீளமாக ஒன்று, முடிவில் ஒரு பெருமூச்சு. தெரியாதவர்கள் கேட்டால் உள்ளே யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

முதலில் வந்தவர்கள் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பதி. வீடு பிடித்துவிட்டது. அந்த அம்மா குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தாள், அத்திமரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்படியில் நின்றிருந்த எவிதாலியா அதுவரை வாயைத் திறக்கவில்லை.

"எப்ப குடிவரலாம்?" என்று அந்த அம்மாவின் கணவர் கேட்டதும் எவிதாலியா வெளியே வந்தாள். "இந்த வீட்டோட ஒரு நாயும் வரும்."

"என்னது?"

"நாய். பதினாலு வயசு. ஒரு கண்ணு தெரியாது. சில நாள் இருந்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிடும், தொடைக்கணும். மத்தபடி நல்லவன்."

அவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் பிறகு எதுவும் சொல்லவில்லை.

"அலமாரி கூட வரும்னு சொல்ற மாதிரி சொல்றீங்களே தோன்யா!" என்று லெய்டி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வாசனை தெரியக் கூடாதுன்னு நான் பட்டையைக் கொதிக்க வெக்கிறேன். நீங்க வாயால நாயைக் கூட்டிட்டு வர்றீங்க."

"வாங்கினப்புறம் தெரிஞ்சா ஏமாத்தினதா ஆகாதா?"

"வாங்கினப்புறம் அது அவங்க பாடு!"

"அவங்க பாடு இல்லம்மா. நாய் பாடு."

அடுத்து வந்த பெண்ணின் பிள்ளைக்கு நாய் முடி பட்டால் மூச்சு இழுக்குமாம், பாவம். அதற்கடுத்து ஒருவர் வந்தார். நாய் என்றதும் "ஓ, அதுக்கென்ன, பாத்துக்கலாம்மா, பாத்துக்கலாம்" என்றார். லெய்டியின் முகம் மலர்ந்தது. எவிதாலியா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவன் பேரென்ன, சொல்லுங்க?"

வந்த பத்து நிமிஷத்தில் அவள் அந்தப் பேரை இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவர் விழித்தார். எவிதாலியா அவருக்குக் காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தாள். அன்று லெய்டி கோபித்துக்கொண்டு காப்பி கூடக் குடிக்காமல் போனாள்.

சூசையப்பரைப் புதைக்கச் சொன்னவள் ரொட்டிக்கடைக்காரி. வீடு விற்காதவர்கள் சூசையப்பர் சுரூபத்தைத் தலைகீழாக மண்ணில் புதைத்து ஜெபம் பண்ணினால் அவர் சீக்கிரம் வழி காட்டுவார் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. அவரும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி அலைந்தவர்தானே. வீடு விற்றதும் நன்றி சொல்லித் தோண்டி எடுத்து, புது வீட்டில் நல்ல இடத்தில் வைக்க வேண்டும்.

எவிதாலியாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் இல்லையா கொமாத்ரே, தலைகீழா வெக்கிறது?"

"பாதரைக் கேப்போமா?"

"கேட்டா திட்டுவார். திட்டினப்புறம் செஞ்சா ரெண்டு பாவம்."

கடைசியில் அவளே அட்டைப்பெட்டியைத் திறந்தாள். எல்லாச் சுரூபமும் லெய்டி சுற்றிய செய்தித்தாளுக்குள் ஒரே மாதிரி இருந்தன. எவிதாலியா ஒன்றை எடுத்துக் கையால் தடவிப் பார்த்தாள். "கையில குழந்தை இயேசு இருக்கு. இந்தப் பக்கம் லீலிப்பூ. இவர்தான்."

"பிரிச்சுப் பாத்துடுவோமே."

"வேண்டாம். முகத்தைப் பாத்துட்டா என்னால மண்ணு போட முடியாது."

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆனால் வெறும் காகிதத்தோடு ஈரமண்ணில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே போய், பெலார்மினோ பஸ் ஓட்டும்போது போடும் சட்டையை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் கழற்றிப் போட்ட சட்டை, துவைக்காமல் மடித்து வைத்திருந்தாள். அதில் ஒரு கையை வெட்டி, சுரூபத்தை அதற்குள் நுழைத்து, இரண்டு முனையையும் தைத்தாள். "குளிராம இருக்கும்" என்றாள். அத்திமரத்தடியில் குழி தோண்டினோம். தலை கீழே, கால் மேலே. ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னோம். "மன்னிச்சுக்கோங்க சாமி" என்று சொல்லி அவள்தான் மண்ணைத் தள்ளினாள்.

அந்த வாரமே ஒருவர் வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தோன் கிராத்தினியானோ. வீட்டுக்குள் அவர் வரவேயில்லை. தெருவில் நின்று முகப்பைக் காலால் அளந்தார்.

"வீட்டோட ஒரு நாயும் வரும்" என்றாள் எவிதாலியா.

"வரட்டும். எனக்கு அது தொந்தரவே இல்ல. எல்லாத்தையும் இடிச்சுட்டு லாரி நிறுத்தப்போறேன்."

லெய்டி கூட அதற்குச் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டதைக் கொடுக்க அவர் தயாராக இருந்தார். திங்கட்கிழமை பதில் வேண்டும் என்றார். சங்கதி யாமிலேக்குப் போனது. அவள் போனில் அழுதாள். "அம்மா, எனக்கு கால் ரெண்டும் வீங்கிப்போயிருக்கு. தனியா கிடக்கேன். சரின்னு சொல்லும்மா." கூண்டுக்குள்ளிருந்து பாஸ்டோராவும் "வித்துடும்மா" என்றது. எவிதாலியா போனை வைத்துவிட்டுக் கூண்டின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். "சூசையப்பர் வழி காட்டிட்டார் போல" என்றாள். "நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். வீடு விக்கணும்னு மட்டும்தான் கேட்டேன். நாயைப் பத்திக் கேக்கவே இல்ல."

சனிக்கிழமை லெய்டி இன்னும் ஒரு ஜோடியைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர்களை வரச் சொல்லியாகிவிட்டது, சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். நான் வழக்கம்போலக் கூண்டை எடுத்துக்கொண்டு நாயையும் கூட்டிவந்துவிட்டேன். கொரோனெலைக் கட்டும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. என்னோடு இருக்க மறுக்கிறது என்று அன்றைக்கு மட்டும் கழுத்தில் ஒரு கயிறு போட்டேன்.

வந்தவர்கள் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். எவுதோரோ, தெயோதோலிந்தா. கோயிலுக்கு உடுத்தும் உடுப்பில் வந்திருந்தார்கள். லா பேன்யா ஊர்க்காரர்கள். மழைக்காலத்தில் மலை சரிந்து மூடிய அந்தச் சிற்றூரை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு இங்கே யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். இப்போதுதான் ஒரு வீடு வாங்க வழி பிறந்திருக்கிறது. லெய்டி வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, தெயோதோலிந்தா பேசாமல் சுவரைத் தொட்டபடி நடந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

நான் என் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாரம் முழுவதும் கொரோனெல் அத்திமரத்தடியைச் சுற்றிச் சுற்றி வந்தது எனக்குத் தெரியும். எலும்பைத் தேடுகிறது என்று நினைத்தோம். அன்று திடீரென்று ஒரு இழுப்பு இழுத்தது. கிழட்டு நாய்க்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, முடிச்சு அவிழ்ந்து கயிறு என் கையில் நின்றுவிட்டது. கொரோனெல் ஓடியது. அது ஓடி நான் பார்த்து வருஷங்கள் இருக்கும்.

நான் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். எவிதாலியா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அது கூடத்தைத் தாண்டி, லெய்டியின் காலுக்கிடையில் புகுந்து, முற்றத்துக்குப் போய் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. புதுச் சுண்ணாம்புச் சுவரெல்லாம் சேறு. லெய்டியின் செருப்பிலும் சேறு.

"கொரோனெல், விடு! அது உன்னுது இல்ல!" என்று எவிதாலியா கத்தினாள்.

அது விடவில்லை. அந்தச் சட்டைக் கையைப் பல்லால் பிடித்து இழுத்து வெளியே போட்டது. கடிக்கவில்லை, கிழிக்கவில்லை. இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மூக்கை அதில் புதைத்துப் படுத்துவிட்டது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எலும்பு இல்லை, சூசையப்பரும் இல்லை. அது ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஆளின் வாசனை.

எவிதாலியா முழங்காலில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள், ஆனால் பிடுங்கவில்லை. ஈரத்தில் ஊறிய தையல் பிரிந்து, காகிதம் கிழிந்து, சுரூபத்தின் தலை வெளியே தெரிந்தது. உச்சியில் மழித்த தலை. பழுப்பு அங்கி.

நான்தான் முதலில் பார்த்தேன். "கொமாத்ரே, தாடி எங்க?"

"என்ன தாடி?"

"சூசையப்பருக்குத் தாடி இருக்குமே. இவர் அந்தோனியார். இவர் கையிலயும் குழந்தையும் லீலிப்பூவும் இருக்கும்."

காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். புருஷன் வேண்டும் என்று கேட்கிற குமரிகள்தான் அவரைத் தலைகீழாக வைப்பார்கள். லெய்டி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "தோன்யா, நீங்க வீட்டுக்கு ஆள் கேக்கல, உங்களுக்கு ஆள் கேட்டிருக்கீங்க!" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தெயோதோலிந்தாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவள் முகம் சாம்பல் மாதிரி ஆகியிருந்தது. எவுதோரோ தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"எங்க ஊர்க் கோயில்ல அந்தோனியார்தான்" என்றாள் அவள். "மண்ணுக்குள்ள போயிட்டார். ஆம்பளைங்க நாள் கணக்காத் தோண்டினாங்க. பீடத்துப் பலகை கிடைச்சுது. அவர் கிடைக்கல."

அவள் சேற்றில் முழங்காலிட்டாள். நாயின் தலைக்குப் பக்கத்தில் மெதுவாகக் கையைக் கொண்டுபோய், சால்வை நுனியைத் துப்பலில் நனைத்து, அந்தச் சுரூபத்தின் முகத்தைத் துடைத்தாள், பிள்ளை முகத்தைத் துடைப்பது போல. கொரோனெல் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. உறுமவில்லை.

"இவன் பேரென்ன?" என்று கேட்டாள்.

எவிதாலியா நாயின் முதுகில் கை வைத்தாள். "கொரோனெல்."

"கொரோனெல்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "எங்க நாய் பேரு துசெ. கட்டிக் கிடந்துச்சு. அவுத்துவிட நேரமில்ல."

என் கையிலிருந்த கயிற்றை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து, என் வீட்டிலிருந்து, இருமல் கேட்டது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு பெருமூச்சு. கொரோனெலின் காது நிமிர்ந்தது.

"பக்கத்துல யாருக்கோ முடியல போல" என்றார் எவுதோரோ.

லெய்டி கண்ணாலேயே கெஞ்சினாள். எவிதாலியா அதைப் பார்த்தாள், ஆனாலும் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர். செத்து ஒரு வருஷம் ஆச்சு. இருமுறது கிளி. அதையும் உங்ககிட்டருந்து மறைச்சு வெச்சோம். இந்தக் கதவுக்கு அடியில நகக் கீறல் இருக்கு, அதையும் பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கோம். மழையில அடுப்படி மூலை ஒழுகும். வீட்டோட இந்த நாயும் வரும்."

தெயோதோலிந்தா புருஷனைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"இவரைக் கண்டெடுத்துக் குடுத்தவனை நாங்க எங்க அனுப்புறது?" என்றாள் அவள்.

கிராத்தினியானோ தருவதாகச் சொன்ன அளவுக்கு அவர்களால் தர முடியாது. அதை அவர்களே சொன்னார்கள். அன்று மாலை எவிதாலியா மகளுக்குப் போன் போட்டாள். வழக்கம்போல மேசைமேல் வைத்து, சத்தமாக விட்டு. நானும் இருந்தேன்.

"ஒரு நாய்க்காகவாம்மா?" என்றாள் யாமிலே.

"உங்கப்பாவுக்காகன்னு சொன்னா நீ ஒத்துக்குவ. அப்படிச் சொல்லலாமான்னு யோசிச்சேன். அது பொய். நாய்க்காகத்தான். அவனுக்குக் கேக்க வாயில்ல, அதனால நான் கேட்டேன். நான் உன்கிட்டதான் வரப்போறேன், ஒரு நாளும் தள்ளிப்போகல."

அந்தப்பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு யாமிலே கேட்டாள், "அவன் அங்க இருக்கானா? போனைக் கொஞ்சம் கீழ பிடிம்மா." எவிதாலியா போனை நாயின் காதருகே கொண்டுபோனாள். யாமிலே என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முன் எந்தச் சுரூபத்தை எடுத்துப்போவது என்று ஒரு குழப்பம் வந்தது. நன்றி சொல்லிப் புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது புதைத்தவரைத்தான். ஆனால் புதைத்தவர் அந்தோனியார். சூசையப்பர் பெட்டிக்குள் காகிதத்தில் சும்மாவே இருந்தார்.

"அவரைக் கேட்டது நாம, செஞ்சது இவர்" என்றேன்.

"சூசையப்பர் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள் எவிதாலியா. "அவர் எப்பவும் பேசாம இருந்தவர்தானே." சூசையப்பரைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அந்தோனியாரைத் தெயோதோலிந்தாவின் கையில் கொடுத்தாள். திரு இருதயப் படத்தையும் சுவரிலேயே விட்டாள். கதவின் நீலப் பெயிண்டை அந்தக் கீறல்கள் தெரியும் வரைக்கும் சுரண்டி எடுத்தாள்.

டாக்சி வாசலில் நின்றது. நாயை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் ஒன்று சொல்வார்கள், "இதோ வந்துடறேன்டா" என்று. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எவிதாலியா கதவடியில் குனிந்தாள். கொரோனெல் அந்தச் சட்டைக் கையின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"கொரோனெல், நான் போறேன்" என்றாள். "திரும்பி வரமாட்டேன். அவரும் வரமாட்டார். இந்த அம்மா இருப்பாங்க." நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அது வாலை ஒருமுறை தரையில் தட்டியது. எழுந்திருக்கவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்சி மூலை திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன். தெயோதோலிந்தா உள்ளே போய், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிவைக்கும் சத்தம் கேட்டது.

யாமிலேக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஏழாவது மாடியிலிருந்து எவிதாலியா ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுகிறாள். முதலில் பிள்ளையைப் பற்றி, பிறகு பூசையைப் பற்றி, கடைசியில்தான் கேட்பாள், "அவன் சாப்பிட்டானா?" என்று. நானும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சாப்பிடாத நாளில் சாப்பிடவில்லை என்று சொல்கிறேன்.

பாஸ்டோரா இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. காலையில் நான் மாவு பிசையும்போது பெலார்மினோ இருமுகிறார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு பெருமூச்சு. நான் மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டு அவர் ஆன்மாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்வேன். சுவருக்கு அந்தப்பக்கம், தரையில் வால் தட்டும் சத்தம் கேட்கும்.